டிக் விழாத பக்கங்கள்

ஜூன் 9, திங்கள்

அல்லியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்த பிறகு, வேன் கதவைச் சரியாகச் சாத்தினார்களா என்று சந்தேகம். பள்ளிக்கு போன் செய்தேன். போன வாரமும் இரண்டு முறை செய்தேன். எடுத்தவர் என் குரலைக் கேட்டதுமே "வந்துட்டாங்க மேடம், நல்லாருக்காங்க" என்றார். நான் இன்னும் பெயரையே சொல்லியிருக்கவில்லை.

அவள் டப்பாவில் திராட்சையைத் தொண்டையில் சிக்காதபடி நாலாக வெட்டி வைத்தேனா, இரண்டாகவா? இதை எழுதும்போதுதான் உறுத்துகிறது. ஆனால் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டாள். அப்படியானால் நாலுதான்.

என் குழந்தைகள் புத்தகம் 'வாடகைக்கு வந்த வாத்து'க்கு விருது என்று அறிவித்துப் பத்து நாளாகிறது. செப்டம்பரில் சென்னையில் விழா. பதிப்பாசிரியர் மெஹர் அக்கா தினமும் ஒரு வாழ்த்து அனுப்பி, கடைசி வரியில் "அடுத்தது எப்போ?" என்று கேட்கிறார். ஆகஸ்ட் முடிவதற்குள் என்று சொல்லிவிட்டேன். யார் என்னைச் சொல்லச் சொன்னது?

வாத்துக் கதை அல்லியின் மூன்றாம் வயதில், சோற்றோடு சோறாக உண்டானது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரி. எந்த வரிக்குச் சிரித்தாளோ அதை வைத்துக்கொண்டேன். எதற்கு முகத்தைத் திருப்பினாளோ அதை எடுத்துவிட்டேன். எம்.ஏ.வில் எனக்கு யாரும் கற்றுத்தராத திறனாய்வு அது. இப்போது அவளே எடுத்துச் சாப்பிடுகிறாள். எனக்கு மிஞ்சியிருப்பது காலையில் தலை பின்னும் பத்து நிமிடம். பால்கனியில் முக்காலி போட்டு அவளை எனக்கு முன்னால் உட்கார வைத்து, கொடியில் கிளிப் மாட்டிய தாளைப் பார்த்து வாசித்தபடியே பின்னுகிறேன். அவள் சிரித்தாலோ எதிர்க்கேள்வி கேட்டாலோ, பின்னி முடித்ததும் நோட்டில் தேதி போட்டு ஒரு டிக்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்பது டிக்!

புதுக்கதை ஒரு பட்டனைப் பற்றி. பனியன் கம்பெனியில் சட்டையிலிருந்து தெறித்து விழுந்து, ஏற்றுமதிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு கப்பலேறிவிடுகிற பட்டன். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு வேறெதை எழுத? என் கணவர் சுரேந்தரே தினமும் பட்டனைப் பற்றித்தான் பேசுகிறார். ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் வேலை. டென்மார்க்காரனுக்கு நாலு ஓட்டைப் பட்டன் வேண்டுமாம், இவர்கள் இரண்டு ஓட்டை தைத்துவிட்டார்களாம்.

"உனக்கென்ன, ரெண்டு ஓட்டைய நாலாக்கணும்னா அடிச்சுட்டு எழுதிருவ" என்றார்.

ஜூன் 28, சனி

மூன்று நாளாக அல்லிக்குக் காய்ச்சல், சளி. இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நூறு வரை எண்ணினால் மறுபடி ஒன்றிலிருந்து. டாக்டர் சிரப் கொடுத்து, "சீசன்மா, எல்லாப் பசங்களுக்கும் இருக்கு" என்றார்.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த பத்தி இது. எனக்குப் பிடித்திருக்கிறது.

"இருட்டிப் போச்சு. பட்டன் தன் நாலு கண்ணையும் மூடித் தூங்கப் பார்த்தது. மூணு கண் மூடிக்கிச்சு. நாலாவது கண் மட்டும், 'நீங்க தூங்குங்க, திருடன் வரானான்னு நான் பாத்துக்கறேன்'னு சொல்லிச்சு."

ஜூலை 7, திங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது. மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நாலாவது கண் பத்தியை வாசித்தேன். டிக் இல்லை. ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டு தெருவில் போன தண்ணீர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தியைச் சுருக்கி மறுபடி எழுதினேன். மெஹர் அக்காவுக்குப் பழைய வடிவத்தையே அனுப்பிவைத்தேன், ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட.

இரண்டு டவல், யூனிஃபார்ம், பெட்ஷீட். மழையில் எதுவும் காயவில்லை.

ஜூலை 14, திங்கள்

இந்த வாரம் மொத்தம் ஒரு டிக். அதுவும் தும்மலாக இருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று பதினோராவது முறை அந்தப் பத்தி. கண்ணை மூன்றாக்கினேன். திருடனைப் பூனையாக்கினேன். ஒன்றுமில்லை. பின்னி முடித்து ரிப்பன் கட்டும்போது என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "கதை சொல்லும்மா" என்றாள்.

"அப்புறம் இவ்வளவு நேரம் என்னடி சொன்னேன்?"

"நீதான் இப்பெல்லாம் கதையே சொல்றதில்லையே."

வேன் ஹாரன் அடித்துவிட்டது. அவளை அனுப்பிவிட்டு வந்து முக்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். வாத்துக் கதையைப் பற்றி எத்தனையோ பேர் என்னவெல்லாமோ எழுதினார்கள். ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. நான் எழுதுவது கதையே இல்லை. ஐந்து வயது ஆகப்போகிறவளுக்குத் தெரிகிறது.

நோட்டில் என்ன போடுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கீழ்வீட்டு ருக்குமணியக்கா, எங்கள் வீட்டு ஓனர், படியேறி வந்தார்.

"ஏங் கண்ணு, உங்கூட்டு டீவி எங்கூட்டு நடு ரூம்புக்குள்ள கேக்குது. நான் என்ற டீவிய அமத்தீட்டு உங்க பொம்மப் படத்தவே கேட்டுட்டு உக்கோந்துக்கலாமாட்ட இருக்குது."

"அல்லிதானுங்கக்கா வெச்சுக்கறா. கொறைச்சா அழறா."

"புள்ளைக்குத் திமிரு. நீ வேற, காலைல இருந்து 'அல்லீ அல்லீ'ன்னு கத்தோ கத்துன்னு கத்தற. பிரைஸு வாங்குன டீச்சரம்மா இப்படிக் கத்துனா, பிரைஸு வாங்காத நாங்கெல்லாம் என்ன பண்றது?"

நான் டீச்சர் இல்லை என்று பத்தாவது முறையாகச் சொன்னேன். எழுத்தாளர் என்றால் அவருக்குப் பத்திரம் எழுதுகிறவர்.

தொண்டை கட்டியிருக்கிறது. சுக்கு காப்பி. கத்துகிறேன் என்பது உண்மைதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டெல்லா மிஸ் கூப்பிட்டிருந்தார். அல்லியின் வகுப்பாசிரியை, நல்லவர், வேகமாகப் பேசுகிறவர்.

"அல்லி கொஞ்சம் தனி உலகத்துல இருக்கா மேடம். கூப்பிட்டா திரும்பறதில்ல. எல்லாரும் புக் எடுத்தப்புறம் பக்கத்துல பாத்துட்டு எடுக்கறா. வீட்ல எப்படி?"

"வீட்ல நல்லாத்தான் இருக்கா மிஸ். அவ கொஞ்சம் கற்பனை ஜாஸ்தி உள்ள குழந்தை."

"அதான், நீங்க ரைட்டர்ல்ல" என்று சிரித்தார்.

எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட வந்தது. திரும்பும் வழியில் அவளுக்கு வாங்கிக் கொடுத்த கடலை மிட்டாய் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பாதியைப் பிடுங்கி நானே தின்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சத்தம் வேண்டும்.

பெட்டி விழும் இடத்தில் "டமார்!" என்று வாசித்தேன். அல்லி துள்ளித் திரும்பி, சிரித்தாள். டிக்! கப்பல் கிளம்பும் இடத்தில் "பூம்ம்ம்" என்றேன். டிக். ஒரே காலையில் நாலு. நாலு வாரமாகக் கிடைக்காதது.

அமைதியான பத்திகளையெல்லாம் எடுத்துவிட்டேன். நாலாவது கண் முதலிலேயே போயிற்று. பட்டன் இப்போது உருள்கிறது, மோதுகிறது, வெடிக்கிறது. எனக்கு என்னவோ போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாசகர் இல்லையே.

ஆகஸ்ட் 28, வியாழன்

மெஹர் அக்கா போன்.

"ரேணு, படிச்சேன். உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"

"ஏன்க்கா?"

"பதினாறு பக்கத்துல இருபத்தி மூணு டமார் இருக்கு. எண்ணினேன். இது கதையா, கல்யாண வீட்டுப் பட்டாசா?"

"குழந்தைங்களுக்குப் பிடிக்குதுக்கா. நான் டெஸ்ட் பண்ணிதான் வெச்சிருக்கேன்."

"எத்தனை குழந்தைங்ககிட்ட?"

நான் நோட்டை மூடினேன். அக்கா மெதுவாக, "ஜூலைல ஒரு பக்கம் அனுப்பினியே, நாலு கண்ணு, ஒண்ணு முழிச்சிருக்கும்னு. அது எங்கடா போச்சு?" என்றார்.

"அது டிக் வாங்கலைக்கா."

"யார்கிட்ட?"

கடைசித் தேதியை விழா முடியும் வரை தள்ளிவைத்திருக்கிறார். விழாவுக்குப் பிறகும் இதுவே கதை என்றால் பதிப்பகத்தின் அடுத்த வருடப் பட்டியலில் நான் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாதது கேட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று காலை நடந்ததை எழுதப் போவதில்லை. அவள் தூங்கிவிட்டாள். கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு, சென்னை

இந்த விருதில் ஏற்புரை கிடையாது. அதற்குப் பதிலாக, எழுதியவர் இன்னும் வெளிவராத கதையிலிருந்து ஒரு பக்கத்தை மேடைக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு வாசிக்க வேண்டும். அவர்களின் வழக்கம். பெரியவர்கள் பின்னால் நாற்காலியில்.

நான் டமார்ப் பக்கத்தைத்தான் மடித்து எடுத்துப் போயிருந்தேன். மெஹர் அக்கா அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பழைய பக்கத்தை அச்செடுத்துக் கையில் திணித்தார்.

"அக்கா, இதுக்கு டிக் விழாது."

"விழட்டும், விழாம போகட்டும். எனக்காகப் படி."

அறுபது குழந்தைகள் இருக்கும். அல்லி முதல் வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. அவளைப் பார்க்கக் கூடாது என்று தாளைப் பார்த்தேன். மைக்கில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மூணு கண் மூடிக்கொண்டது, நாலாவது கண் நான் பாத்துக்கறேன் என்றது.

ஒரு சிரிப்பு. ஒன்றே ஒன்று, மற்றவர்களுக்கு முன்னால். எனக்குத் தெரிந்த சிரிப்பு. நிமிர்ந்தேன். அல்லி எழுந்து நின்று, ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அப்ப அது எப்பம்மா தூங்கும்?" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

பதினோரு முறை வாசித்த பத்தி.

கேடயம் கனமாக இருக்கிறது. ரயிலில் மேல் படுக்கையில் அது, கீழே நானும் அவளும். ஊரில் ஒரு வரியும் எடுபடாமல், சென்னையில் எப்படி எடுபட்டது? மற்ற குழந்தைகள் இருந்ததால் என்று சுரேந்தர் சொல்கிறார். இல்லை. அவள்தான் முதலில் சிரித்தாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் முக்காலி போட்டேன். கொடியில் தாளை மாட்டவில்லை. இரண்டாகப் பிரித்து, இடதுபக்கம் பின்ன ஆரம்பித்தேன். வாசிக்கும் குரலில், "அல்லி, இன்னிக்கு ஸ்கூல் லீவு" என்றேன்.

அவள் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அல்லி, நம்ம இப்ப பூங்கா போறோம். உனக்கு ரெண்டு ஐஸ்கிரீம்."

தண்ணீர் லாரி போயிற்று. அதைப் பார்த்தாள்.

சீப்பு அவள் முடியிலேயே நின்றுவிட்டது. சிக்கு என்று நினைத்து, "வலிக்குதும்மா" என்று திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும், "ஏம்மா அழற?" என்றாள். நல்ல சத்தமாக. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் இவள். எப்போதிலிருந்து?

செப்டம்பர் 18, வியாழன்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். சுரேந்தர் அரை நாள் லீவு.

முதலில் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்தது. பரிசோதிக்கிற பெண் அல்லிக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்தார். "குருவி கத்துற சத்தம் கேட்டதும் இந்தக் குச்சில போடணும் குட்டி, சரியா?" அல்லி வளையத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பெண்ணின் விரல் பொத்தானை அழுத்துவது கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. அழுத்தினார். அல்லி காத்திருந்தாள். மறுபடி அழுத்தினார். அல்லி காத்திருந்தாள். ரொம்ப நல்ல பிள்ளையாக, ஆடாமல், எப்போது குருவி வரும் என்று.

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். "பயப்படாதீங்க. காது ஜவ்வுக்குப் பின்னால நீர் கோத்திருக்கு, ரெண்டு பக்கமும். சளி வந்துட்டுப் போறப்ப இப்படி ஆகும். தண்ணிக்குள்ள முங்கி இருக்கறப்ப கரையில ஆள் பேசினா எப்படிக் கேக்கும்? அப்படித்தான் இவ்வளவு நாள் கேட்டிருக்கும் பாப்பாவுக்கு. முகத்தப் பாத்துப் பேசினா உதட்ட வெச்சு சமாளிச்சிருவா. பின்னால இருந்து பேசினா ஒண்ணும் போய்ச் சேராது."

"முழுசாச் சரியாயிருங்களா டாக்டர்?" சுரேந்தர் கேட்டார்.

"பெரும்பாலும் தானா வடிஞ்சிரும். மூணு மாசம் பாப்போம். வடியலைன்னா சின்னதா ஒரு குழாய் வெச்சு எடுத்துரலாம். எப்ப இருந்து இப்படின்னு சொல்ல முடியுமாம்மா? தோராயமா?"

சுரேந்தர் என்னைப் பார்த்தார். என் பையில் அந்த நோட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஜூன் 17, ஒன்பது. ஜூன் 23, எட்டு. காய்ச்சல். ஜூலை 7, பூஜ்யம். பிறகு வெறும் தேதிகள், நடுவில் ஒரே ஒரு டிக். ஒரு கோடு. ஆகஸ்ட் 19, நாலு, பக்கத்தில் 'டமார்'.

"இது என்னது?"

"கதை வாசிப்பேனுங்க, தலை பின்னிட்டே. அவ சிரிச்சா டிக் போடுவேன்."

"பின்னால உக்காந்து?"

"ஆமாங்க."

அவர் ஒரு நிமிடம் அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்திருந்தார். "முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு அம்மாவும் இவ்வளவு கரெக்ட்டா தேதி வெச்சுக் குடுத்ததில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நகல் எடுத்து அவளுடைய ஃபைலில் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

இப்போது எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 4ஆம் தேதி காலையில், வேன் வந்து நின்று, ஷூ எங்கே என்று நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஐந்து முறை கேட்டு, அவள் திரும்பவே இல்லை என்று, தோளைப் பிடித்துத் திருப்பி அறைந்தேன். அவள் அழவில்லை. "என்னம்மா கேட்ட?" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சுரேந்தர் ஒன்றும் குற்றமாகச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவினார். "நானும் இதே வீட்லதான இருந்தேன் ரேணு" என்றார். அது ஆறுதலா என்று யோசிக்கத் தெம்பில்லை.

அக்டோபர் 8, புதன்

மூக்கில் ஸ்ப்ரே இரு வேளை. காது நீர் வடிய, பலூன் ஒன்றை மூக்கால் ஊத வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அல்லிக்கு அது பெரிய விளையாட்டு, எனக்கு அரை மணி நேரப் போராட்டம். ஸ்டெல்லா மிஸ் அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார். போனில் அழுதுவிட்டார் பாவம். நான் அழவில்லை. இந்த மாதத்துக்கு உண்டானதை முடித்துவிட்டேன்.

மெஹர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வருடப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுக்கறேன். அதுக்கடுத்த வருஷத்துல போடறேன். போய்ப் படு" என்றார்.

படுத்தேன். எதிர்வீட்டு மோட்டார் சத்தம் கேட்கிறது, சுவர்க் கடிகாரம் கேட்கிறது, பிரிட்ஜ் கேட்கிறது. எனக்கு எல்லாம் கேட்கிறது.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்து ஊரே மூடிக் கிடக்கிறது. கம்பெனிக்கெல்லாம் லீவு. மத்தியானம் அல்லி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். சுவரில் பல்லி கத்தியது. மூன்று முறை, சின்னதாக.

அல்லி தலையைத் தூக்கி, "எங்க?" என்றாள்.

நானும் சுரேந்தரும் மூச்சு விடவில்லை. பல்லி மறுபடி கத்தவே இல்லை. அரை மணி நேரம் மூன்று பேரும் டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ருக்குமணியக்கா முறுக்குத் தட்டோடு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "கரண்டு போயிருச்சா கண்ணு?" என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

வலது காது வடிந்துவிட்டது. இடது பாதி. டிசம்பரில் மறுபடி பார்க்க வேண்டும். குழாய் வேண்டியிருந்தாலும் இருக்கும். இன்று சுரேந்தர்தான் அவளைக் கூட்டிப் போனார். நான் ஒன்பது மணி வரை தூங்கினேன். கடைசியாக எப்போது இப்படித் தூங்கினேன் என்று நினைவில்லை.

அக்டோபர் 29, புதன்

இன்று முக்காலியைத் திருப்பிப் போட்டேன். அவள் முட்டி என் முட்டியில் இடிக்கிறது. அவளுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பின்னந்தலையில் பின்னுவது சுலபமில்லை. கை இரண்டையும் அவள் கழுத்தைச் சுற்றி நீட்டி, கண்ணால் பார்க்காமல், விரலால் தேடித் தேடிப் பின்ன வேண்டியிருக்கிறது. வகிடு எங்கேயோ போகிறது. தாளை மாட்டவும் இடமில்லை. மனப்பாடமாகத்தான் சொன்னேன். மெதுவாகவே சொன்னேன்.

நாலாவது கண் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"அது எப்பத் தூங்கும்னு நீ அன்னிக்கே சொல்லல."

"எனக்குத் தெரியலடா. நீ சொல்லு."

என் வாயைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "மத்த கண்ணெல்லாம் எந்திரிச்சு, 'போதும் நீ தூங்கு'ன்னு சொன்னப்புறம்."

வேன் ஹாரன். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. அவிழ்த்துப் பின்ன நேரமில்லை. அப்படியே ஓடினாள். கதவைச் சாத்தினார்களா என்று பார்த்தேன். பள்ளிக்கு போன் செய்யவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லா மிஸ் டைரியில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. அல்லியிடம் கேட்டேன்.

"மிஸ் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரு இப்படிக் கோணலாத் தலை பின்னுனதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா கதை சொன்னாங்கன்னு சொன்னேன்."